தெரிந்த குரல்

எனக்கு ஓர் ஆலோசகர் தேவைப்பட்டார். இந்த ஒரு வரியைச் சொல்லவே எனக்கு முப்பத்தாறு வயதாகிவிட்டது. அதனால் மீதியையும் என் வேகத்தில்தான் சொல்வேன், யாரும் அவசரப்படுத்தக் கூடாது.

நான் வேலை பார்ப்பது ஒரு தட்டச்சு அலுவலகம். பதிவு செய்த பேச்சு எங்கிருந்தெல்லாமோ வரும். நிறுவனக் கூட்டங்கள், விசாரணைகள், டாக்டர்கள் நடந்துகொண்டே முணுமுணுத்த குறிப்புகள், ஆலோசனை மையங்களில் அழுதவர்களின் அழுகை. அதையெல்லாம் ஹெட்போனில் கேட்டு எழுத்தாக்கித் தரவேண்டும். மேஜைக்கு அடியில் ஒரு பெடல் இருக்கும். மிதித்தால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும், குதிகாலால் அழுத்தினால் பின்னால் போகும். பத்து வருடமாக ஊரார் பேச்சைக் காலால் நிறுத்திக்கொண்டிருக்கிறேன். என் வாயைத் திறக்கத்தான் வராது.

ஒன்பது மேஜைகள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேற்பார்வையாளர் மேடம். ஒன்பதாவது மேஜை, சுவரோரம், என்னுடையது. நாலாவது மேஜைக்காரருக்கு ரேடியோ என்று பெயர். ஐம்பத்தைந்து வயது, ஹெட்போன் மாட்டியிருக்கும்போதுகூட யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பார். மூன்றாவது மேஜைப் பையனுக்குக் கமா என்று பெயர், கண்ட இடத்தில் எல்லாம் காற்புள்ளி போடுவான். எனக்கு ரேடியோ வைத்த பெயர் மியூட். வந்த புதிதில் ஒருநாள் விளையாட்டாகச் சொன்னார். அப்படியே ஒட்டிக்கொண்டது.

அந்த மாதத்தின் முதல் திங்கட்கிழமை மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"என்னைத் தலைமை அலுவலகத்துக்கு மாத்தறாங்க. என் இடத்துக்கு உன் பேரைத்தான் எழுதிக் குடுத்திருக்கேன். கடைசி வெள்ளிக்கிழமைக்குள்ள சரியா இல்லையான்னு சொல்லிடு."

"அது வந்து…" என்றேன்.

"இப்பவே சொல்ல வேணாம். யோசிச்சுச் சொல்லு."

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், எனக்கு அந்த இடம் வேண்டும். வெறியாக வேண்டும். எந்தக் கோப்பை யாருக்குக் கொடுத்தால் பிழையில்லாமல் வரும் என்று எனக்கு அத்துப்படி. மற்றவர்கள் "தெளிவில்லை" என்று போட்டுவிட்டுப் போன சொல்லை நான் கேட்டுப்பிடிப்பேன். ஆனால் அந்த இடத்துக்குப் போனால் தினமும் காலையில் எட்டுப் பேர் முன்னால் நின்று பத்து நிமிடம் பேசவேண்டும். அதை நினைத்தாலே அந்த இடமே வேண்டாம் என்று ஆகிவிடும்.

செய்தி அன்று மாலைக்குள் பரவிவிட்டது. "மியூட்டு மேடம் ஆகப்போறாங்களா? அப்ப காலைக் கூட்டத்துக்கு அடியில எழுத்து ஓடவிட்டுரலாம்யா!" என்றார் ரேடியோ. அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வீட்டில் அண்ணன், அண்ணி, நான். அண்ணன் தங்கமான மனிதர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் என்னிடம் யார் எதைக் கேட்டாலும் பதில் அவரிடமிருந்துதான் வரும். "அவளுக்குக் காரம் ஆகாது." "அவ வரமாட்டா, கூட்டம்னா பிடிக்காது." கடைக்காரர் என் செருப்பு அளவைக் கேட்டாலும் அவர்தான் சொல்வார். நான் அண்ணியிடம் விஷயத்தைச் சொல்ல, அண்ணி அவரிடம் சொல்ல, அவர் பதறிப்போனார்.

"அவளுக்கு எதுக்கு இந்தத் தலைவலி? வேணும்னா நான் உங்க மேடத்துக்குப் போன் பண்ணி, அதெல்லாம் இவளுக்கு ஒத்துவராதுன்னு பக்குவமா சொல்லிடறேனே?"

"பள்ளிக்கூடமா அது, லீவு லெட்டர் குடுக்க? சும்மா இருங்க," என்றார் அண்ணி.

ஒத்துவராது. அந்தச் சொல் என் தலைக்குள் இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் என் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, போனில் "தன்னம்பிக்கை இல்லை" என்று தட்டினேன். தட்டியதும் யாரோ பின்னால் நிற்பதுபோல் இருந்தது. அழித்தேன். மறுபடி தட்டினேன். நாற்பது மனநல ஆலோசகர்களின் முகங்கள் வந்து நின்றன, அத்தனையும் சிரித்த முகம்.

ஒவ்வொன்றையும் பார்க்கப் பார்க்கப் பயம் கூடியது. ஒருத்தர் மோவாயில் கைவைத்துக்கொண்டு, என்னைப் பார்க்கும் முன்பே எல்லாம் தெரியும் என்பதுபோல் இருந்தார். ஒரு பெண்மணி அசப்பில் என் கணக்கு டீச்சர். இன்னொருவரிடம் ஒரே ஒரு கேள்வி எழுதிக் கேட்டதற்கு அரை நிமிடத்தில் "ஹாய் டியர், தனியாவா இருக்கீங்க?" என்று பதில் வந்தது. போனைக் கட்டிலில் வீசிவிட்டு, அந்தாள் எட்டிப் பார்த்துவிடுவான் என்பதுபோல் தலையணையால் மூடினேன். சிரிக்காதீர்கள்.

அதோடு விட்டதா? வீட்டில் எல்லோரும் பார்க்கும் டேப்லெட் ஒன்று உண்டு. மறுநாள் அண்ணி அதில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தபோது நடுவில் ஒரு விளம்பரம் குதித்தது. "உங்களை நீங்களே வெறுக்கிறீர்களா?" திரை முழுக்க ஒரு பெண் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அண்ணன் நிமிர்ந்தார். "என்ன கருமம் இது? நாம தேடினதைத்தான் காட்டும்னு சொல்வாங்களே. நம்ம வீட்டுல இது யாருக்கு?"

எனக்கு உயிரே போய்விட்டது.

"எனக்குத்தான்," என்றார் அண்ணி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்களைக் கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து."

அண்ணிக்குத் தெரியுமா, தெரியாமல் சொன்னாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

கடைசியில் படம் கொஞ்சம் மங்கலாக இருந்த ஒரு பெண் ஆலோசகரைத் தேர்ந்தெடுத்தேன். மங்கலான படத்தைப் போட்டவருக்கு என்னைப்போலக் கொஞ்சம் கூச்சம் இருக்கும் என்று ஒரு கணக்கு. படிவத்தில் ஒரு கேள்வி: உங்கள் தன்மதிப்புக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு தருவீர்கள்? இரண்டு போட்டால் ஆம்புலன்ஸ் அனுப்பிவிடுவார்களோ என்று பயம். ஏழு போட்டால் பிறகு எதற்கு வந்தாய் என்பார்கள். ஐந்து போட்டேன். ஐந்துக்கு நான் தகுதியா என்று யோசித்து நாலாக்கினேன். கீழே ஒரு நீளமான பத்தியும் ஒரு சிறிய கட்டமும் இருந்தன. பத்தியைப் படிக்காமல் கட்டத்தில் டிக் அடித்தேன். அந்த மாதிரிப் பத்திகளை வாரத்துக்கு நாலு தட்டச்சு செய்கிறவள் நான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்குத்தான் சந்திப்பு கிடைத்தது. வீட்டில் பேச முடியாது, சுவருக்குக் காது உண்டோ இல்லையோ அண்ணனுக்கு உண்டு. காரைத் துடைக்கிறேன் என்று வாளியும் துணியுமாகக் கீழ்த்தளத்துக்கு இறங்கினேன். பின் சீட்டில் ஏறிக் கதவுகளைப் பூட்டி, முன் சீட்டின் முதுகில் போனைச் சாய்த்து வைத்தேன்.

இணைப்பு கிடைத்ததுமே தொண்டையைச் செருமிக்கொண்டேன். ஆலோசகர் வந்தார். நேரில் மங்கலாக இல்லை. வணக்கம் சொல்லிவிட்டு, "எங்கேர்ந்து வேணும்னாலும் ஆரம்பிக்கலாம்," என்றார்.

எங்கேர்ந்தும் வரவில்லை. திரும்பவும் செருமினேன். "அது வந்து…" என்றேன். மறுபடி செருமினேன். அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். "அவசரமில்ல," என்று ஒருமுறை மட்டும் சொன்னார். அண்ணனாக இருந்தால் இந்நேரம் எனக்காக என் கதையையே சொல்லி முடித்திருப்பார்.

பிறகு திறந்துகொண்டது. திறந்தது அடைபடவே இல்லை. நான் ஒரு ஏமாற்றுக்காரி என்றேன். என் பக்கங்களில் பிழையே இல்லை என்று மேடம் பாராட்டுகிறார், ஆனால் ஒவ்வொரு கோப்பையும் நான் மூன்று தடவை கேட்கிறேன், அதற்காகத் தினமும் ஒரு மணிநேரம் முன்னால் வருகிறேன், அது திறமையில்லை, பயம், ஒருநாள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றேன். கூட வேலை செய்கிறவர்களைப் பற்றியும் சொன்னேன். கமா எனக்குப் பின்னால் இளிக்கிறான் என்றேன். ரேடியோ என்னைக் கண்டாலே வெறுக்கிறார் என்றேன். அவர் பேசுவதுபோல் பேசியும் காட்டினேன், சிரிப்பு உட்பட.

"அவங்க உங்களை வெறுக்கறாங்கன்னு எப்படித் தெரியும்? யாராவது சொன்னாங்களா?" என்று ஆலோசகர் கேட்டார்.

"சொல்லணுமா மேடம்? நான் காதை வச்சுத்தான் பொழைக்கறேன். எனக்குக் கேக்கும்."

அவர் அதை எழுதிக்கொண்டார். நான் அழுதேன். முடிந்தபோது மார்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது.

மேலே போனதும் அண்ணி வாளியை எட்டிப் பார்த்தார். "தண்ணி அப்படியே இருக்கு?" என்றார். பிறகு என் கண்களைப் பார்த்துவிட்டு, "போய் மூஞ்சியைக் கழுவு. அண்ணன் கேட்டா, தூசி விழுந்துருச்சுன்னு சொல்லிக்கலாம்," என்றார்.

அந்த நிம்மதி மதியம் வரைதான். இரண்டு மணிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் முதல் சந்திப்பு நாற்பத்தொரு நிமிடம் இருபது வினாடி. பதிவு செய்ய ஒப்புக்கொண்டதற்கு நன்றி. புதிய ஆலோசகர்களின் பயிற்சிக்காக இந்தப் பதிவு எழுத்தாக்கப்படும். உங்கள் பெயர் முழுமையாக நீக்கப்படும்.

அதை நாலு தடவை படித்தேன். இன்னொருத்தியாக இருந்தால், சரி, எங்கோ ஒரு கணினிக்குப் போகும் என்று விட்டிருப்பாள். எனக்குத் தெரியாதா எங்கே போகும் என்று? என் அலுவலக அறை மாதிரி ஒன்றுக்குத்தான் போகும். பெயரை நீக்குவார்களாம். குரலை எங்கே கொண்டுபோய் நீக்குவது?

உடனே எழுதினேன், பதிவு வேண்டாம், அழித்துவிடுங்கள் என்று. ஏழு வேலை நாட்களுக்குள் பதில் வரும் என்று தானாகவே ஒரு பதில் வந்தது. ஆலோசகருக்குத் தனியாக எழுதினேன். அவர் விடுப்பில் இருக்கிறார் என்று வந்தது. ஆயிரம் தட்டச்சு அலுவலகம் இருக்கிறது, நம்முடையதுக்கே வருமா என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். வந்தாலும்தான் என்ன, என் குரல் யாருக்குத் தெரியும்? ஒரு நாளைக்கு நான் பேசுவது நாலு வார்த்தை.

திங்கள் வரவில்லை. செவ்வாய், புதன் வரவில்லை. வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு வந்தது.

எங்கள் எல்லோர் திரையிலும் அன்றைய கோப்புகளின் பட்டியல் இருக்கும். எண், நீளம், எந்த மேஜைக்கு என்பது மட்டும்தான். ஆலோசனை மையக் கோப்பென்றால் பூட்டுப் படம் இருக்கும், ஒதுக்கப்பட்ட ஆளைத் தவிர வேறு யாரும் திறக்க முடியாது. பட்டியலின் ஆறாவது வரியில் ஒரு பூட்டு. நீளம் 41:20. மேஜை மூன்று.

கமா.

அவன் ஹெட்போனை மாட்டுவதைப் பார்த்தேன். பெடலில் அவன் கால் இறங்கியது. கால் உடனே மேலே வந்துவிட்டது. அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு ஹெட்போனை மெதுவாகக் கழற்றி மேஜையில் வைத்தான், தண்ணீர் குடித்தான், எதையோ தட்டினான். என் பக்கம் திரும்பவே இல்லை. பட்டியலில் ஆறாவது வரி மாறியது. திருப்பப்பட்டது: தெ.கு.

தெ.கு. என்றால் தெரிந்த குரல். பேசுகிறவர் நமக்குத் தெரிந்தவர் என்று பட்டால், அந்த நொடியே காலை எடுத்துவிட்டுக் கோப்பைத் திருப்பவேண்டும் என்பது விதி. நான் வேலைக்குச் சேர்ந்த பத்து வருடத்தில் அது இரண்டே தடவை நடந்திருக்கிறது.

ஐந்து நிமிடத்தில் வரி மறுபடி மாறியது. இப்போது மேஜை ஒன்று. ஒன்றாவது மேஜை அக்கா ஹெட்போனை மாட்டினார், கழற்றினார். திருப்பப்பட்டது: தெ.கு. அடுத்து மேஜை ஏழு, சேர்ந்து மூன்றே மாதமான பெண். மாட்டினாள், கழற்றினாள். தெ.கு. நான் தட்டிக்கொண்டிருந்த கோப்பில் ஒரு நிறுவனத் தலைவர் என்னவோ பேசிக்கொண்டிருந்தார், அவர் பேசியதில் ஒரு சொல்கூடக் காதில் ஏறவில்லை. என் நாற்பத்தொரு நிமிடம் அந்த அறையைச் சுற்றி வந்துகொண்டிருந்தது, மேஜை மேஜையாக, என் கண் முன்னால்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. பத்து நிமிடத்துக்கொரு தரம் "அக்கா, இங்க கமா போடலாமா?" என்று கேட்கிற பையன் அன்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வழக்கம்போல எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்கள், ஆனால் ஒரு பேச்சு இல்லை. ஒன்றாவது மேஜை அக்கா தன் டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். பரிதாபம் என்று நினைத்தேன். ஒரு வாய் இறங்கவில்லை.

மதியத்துக்கு மேல் கோப்பு நாலாவது மேஜைக்குப் போனது. ரேடியோ உட்கார்ந்தார், மாட்டினார், கால் இறங்கியது. மேலே வரவில்லை. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அரை நிமிடம். ஒரு நிமிடம். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து கழிவறைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் வேறு கோப்பு செய்துகொண்டிருந்தார். அதன் பிறகு மாலை வரை அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. ரேடியோ நின்றுபோன அறையில் விசைப்பலகைச் சத்தம் அவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆகக்கூடி எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. ஏமாற்றுக்காரி, மூன்று தடவை கேட்கிறவள், கூட இருக்கிறவர்களை யாரோ முன்பின் தெரியாத ஒருத்தியிடம் நையாண்டி செய்கிறவள். இனி அந்த எட்டுப் பேர் முன்னால் நின்று நான் என்ன பேசுவது? பேசுவது இருக்கட்டும், எந்த முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே நுழைவது? மாலை வீட்டுக்கு வந்ததும் கடிதம் எழுதினேன். பதவி வேண்டாம், வேலையும் வேண்டாம், சொந்தக் காரணங்கள். மூன்று வரி.

"வேணாம்னு சொல்லிடப் போறேன்," என்றேன் அண்ணனிடம்.

"நான்தான் அப்பவே சொன்னேனே! உனக்கு ஒத்து…"

"ஏங்க," என்றார் அண்ணி. அவ்வளவுதான் சொன்னார். அண்ணன் நிறுத்திவிட்டார். அண்ணி என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. வேணாம்னு உனக்குத் தோணுதா, இல்ல பயமா?"

"பயம்," என்றேன். அதற்கு மேல் நிற்க முடியாமல் உள்ளே போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை, கடிதம் கைப்பையில். உட்காரக்கூட இல்லை, மேடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையை ஆட்டிக் கூப்பிட்டார். எட்டுத் தலைகளும் திரைக்குள் புதைந்தன. கடிதத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

"கதவைச் சாத்திட்டு உக்காரு. ஒரு கோப்பு மாட்டிக்கிட்டு நிக்குது. எட்டுப் பேரும் திருப்பிட்டாங்க. இந்த ஆபீஸ்ல இப்படி நடந்ததே இல்ல. பாக்கி நீ ஒருத்திதான். நீயும் கேட்டுத் திருப்பினாத்தான் கம்ப்யூட்டர் இதை வேற ஊர்க் கிளைக்கு அனுப்ப விடுது."

"மேடம்… நீங்க கேட்டீங்களா?"

"நான் எதுக்குக் கேக்கணும்? எட்டுப் பேருக்குத் தெரிஞ்ச குரல் எனக்கு மட்டும் தெரியாத குரலாவா இருக்கும்?" அவர் எழுந்து, திரையை என் பக்கம் திருப்பி, ஹெட்போனையும் எடுத்து வைத்தார். "என் நாற்காலியில உக்காந்து பாரு. எனக்கு டீ குடிக்கணும்." கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

திரையில் கோப்பைத் திருப்பியவர்களின் பட்டியல். எங்களுக்குத் தெரியாத, மேற்பார்வையாளருக்கு மட்டும் தெரிகிற பட்டியல். எந்த மேஜை, எவ்வளவு நேரம் கேட்டார், பேசுபவரை எப்படித் தெரியும்.

மேஜை மூன்று. கேட்ட நேரம்: நாலு வினாடி. எப்படித் தெரியும் என்ற இடத்தில், "நண்பர், அதாவது, அக்கா மாதிரி, ஆனால், நண்பர்தான்," என்று இருந்தது. பெயரே தேவையில்லை, அத்தனை கமா.

மேஜை ஒன்று, ஆறு வினாடி, நண்பர். மேஜை ஏழு, அந்த மூன்று மாதப் பெண், மூன்றே வினாடி. "எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்." எனக்குப் புரியவில்லை. ஹெட்போனை மாட்டி, பெடலை மிதித்தேன். மூன்று வினாடிக்குள் நான் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. தொண்டையைச் செருமியிருந்தேன், அவ்வளவுதான். அந்தப் பெண் செருமலிலேயே என்னைக் கண்டுபிடித்துக் காலை எடுத்திருக்கிறாள்.

மற்றவர்களும் அப்படித்தான். ஐந்து வினாடி, ஒன்பது வினாடி, நாலு வினாடி. ஒருவர்கூட என் பேச்சைக் கேட்கவில்லை. நான்தான் என் குரல் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசி வரியில் மேஜை நாலு. கேட்ட நேரம்: இரண்டு நிமிடம் பத்து வினாடி.

அவர் என்ன கேட்டார்? எதுவரை கேட்டார்? பெடலை மிதித்தேன். என் மூச்சு கேட்டது. "அது வந்து…" சீட்டு கிறீச்சிடும் சத்தம். செருமல். "அவசரமில்ல" என்ற குரல். மறுபடி மூச்சு, மறுபடி "அது வந்து". இப்படி ஒருத்தி தவிப்பதைப் பத்து வருடத்தில் எத்தனை கோப்பில் கேட்டிருப்பேன், ஒவ்வொரு தடவையும் ஐயோ பாவம் என்று பதறியிருக்கிறேன். இவளுக்காகவும் பதறினேன். இரண்டு நிமிடம் எட்டு வினாடியில் அவள் மூச்சை இழுத்தாள். "நான்…" என்றாள். இரண்டு பத்து.

காலை எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். ரேடியோ எழுதியிருந்தார்.

"தொடங்க முடியாமல் தவித்தார். பாதியில் விட்டுவிட்டு எழுந்து போக மனம் வரவில்லை. விதிமீறல்தான், மன்னிக்கவும். பேசத் தொடங்கியதும் நிறுத்திவிட்டேன்."

எப்படித் தெரியும் என்பதற்கு நண்பர், சக ஊழியர், அண்டை வீட்டார் என்று எத்தனையோ இருந்தன. அவர் உறவினர் என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தார். அவருக்கும் எனக்கும் எந்த உறவும் கிடையாது.

இந்த மனிதரைத்தான் என்னை வெறுக்கிறார் என்று சொல்லி, அவர் சிரிப்பைச் சிரித்துக் காட்டினேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. மேடம் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன், கண்ணாடிச் சுவர் என்பதையும் மறந்து.

மேடம் டம்ளருடன் வந்து கதவருகே நின்றார். "தெரிஞ்ச குரலா?"

"அது வந்து…" என்றேன். வரவில்லை. அவர் டீயை ஒரு வாய் குடித்தார். நின்றுகொண்டே இருந்தார்.

"தெரிஞ்ச குரல்தான் மேடம்."

"உறவா, சிநேகிதமா? ஏதாவது ஒண்ணு போடணுமே."

"நான்தான் மேடம் அது."

"சரி. அப்படியே போடு." அவர் என் கையைப் பார்த்தார். கடிதம் வியர்வையில் நனைந்து கசங்கிக் கிடந்தது. "இன்னிக்குக் கடைசி நாள். அந்த இன்னொரு விஷயம் என்ன ஆச்சு?"

பயம் போகவில்லை. போய்விட்டது என்று சொன்னால் அது பொய். கண்ணாடி வழியாகப் பார்த்தேன், எட்டு முதுகுகள், ஒன்றுகூடத் திரும்பவில்லை.

"எடுத்துக்கறேன் மேடம். திங்கட்கிழமைக் கூட்டத்தை நானே நடத்தறேன். ஆனா…"

"ஆனா?"

"வாயைத் திறக்கறதுக்கு எனக்கு ரெண்டு நிமிஷம் ஆகும் மேடம்."

அவர் சிரிக்கவில்லை.

"இருப்பாங்க," என்றார்.